28 நாள் ரீசார்ஜ், தினம் 2 ஜிபி, "அன்லிமிடெட்" 5ஜி: வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகுது?

கரிசல்பூமி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் கிராமம். தெருவுக்கு ஃபைபர் லைன் இன்னும் வரல. வீட்டுல நாலு சிம் ஓடுது:

எனக்கு வீட்டுல இருந்தே வேலை. லேப்டாப்புக்குப் போன் ஹாட்ஸ்பாட்தான். 349 ரூபாய், 28 நாள், தினம் 2 ஜிபி. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் தீர்ந்துடும். அப்புறம் 19 ரூபாய்க்கு 1 ஜிபி போடுவேன், ஒரு ரீசார்ஜுக்குள்ள ஆறு தடவையாவது.

தங்கச்சி காலேஜ் போறா, 5ஜி போன், அதே 349. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. வாட்ஸ்அப்பும் யுபிஐயும் மட்டும்தான், ஆனா அவருக்கும் 349தான் போட்டுட்டு இருக்கோம். அம்மாகிட்ட பட்டன் போன், 199 ரூபாய், 28 நாள்.

மாசம் பொறந்தா ஏதாவது ஒரு சிம் முடிஞ்சு போகுது. எந்தத் திட்டம் மலிவுன்னு பார்த்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள் கணக்கு, ஒவ்வொரு ஜிபி கணக்கு. எப்படி ஒப்பிடுறது? கண்ணுக்குத் தெரியாம காசு போற இடம் எதெல்லாம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

---

கோபுரம்700 பதில்:

வணக்கம் தம்பி. விளம்பரத்தில் இருக்கும் விலையை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்து, 365ஆல் பெருக்குங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். கீழே நான் எடுத்திருப்பது 2024 ஜூலை உயர்வுக்குப் பின் வந்த விலைகள். விலையும் திட்டமும் அடிக்கடி மாறும் என்பதால் பணம் கட்டும் முன் நிறுவனத்தின் ஆப்பில் ஒருமுறை பாருங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

28 நாள் என்பது மாதம் இல்லை. வருடத்துக்கு 13 ரீசார்ஜ். 349 என்றால் 12 தடவைக்கு 4188 என்று மனசு கணக்குப் போடும், உண்மையில் 4537. இது பற்றி நிறையப் புகார் போனதால்தான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் கெடு உள்ள திட்டமும் மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி கொண்டுவந்தது. ஆனால் "ஒரு மாதம்" என்று போட்டிருந்தாலே மலிவு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஏர்டெல்லில் 379க்குத் தினம் 2 ஜிபி, முழு மாதம். 12 தடவைக்கு 4548. ஜியோவின் 349, 13 தடவைக்கு 4537. பார்த்தால் 30 ரூபாய் வித்தியாசம், வருடக் கணக்கில் 11 ரூபாய்தான்.

அடுத்தது, சின்னத் திட்டத்தை விட நீளமான திட்டம் எவ்வளவு மலிவு என்பது. ஜியோ விலையில்:

299, 28 நாள், தினம் 1.5 ஜிபி: ஒரு நாளைக்கு 10.68 ரூபாய்
349, 28 நாள், தினம் 2 ஜிபி: 12.46
859, 84 நாள், தினம் 2 ஜிபி: 10.23
3599, 365 நாள், தினம் 2.5 ஜிபி: 9.86

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள். "கம்மி விலைப் பேக் போதும்" என்று 299 போடுகிறவர், 859 போடுகிறவரை விட நாளுக்கு அதிகம் கொடுத்து, அரை ஜிபி குறைவாக வாங்குகிறார். அதோடு 5ஜி அன்லிமிடெட்டும் கிடையாது. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான் அது வருகிறது. தங்கச்சிக்குத் திட்டம் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

ஜிபி விலை பற்றி. 349 திட்டத்தில் ஒரு ஜிபி 6.23 ரூபாய் என்று வரும். அது 2 ஜிபியையும் தினமும் கடைசி எம்பி வரை காலி செய்கிறவருக்கு. உங்கள் அப்பா தினம் 300 எம்பி பயன்படுத்துகிறார் என்றால் அவருக்கு ஒரு ஜிபி 41 ரூபாய்க்கு மேல் விழுகிறது. தினக்கணக்கு டேட்டா ராத்திரி 12 மணிக்கு அழிந்துவிடும், அடுத்த நாளுக்குச் சேராது. வோடஃபோன் ஐடியாவின் சில திட்டங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை மீந்ததைச் சனி ஞாயிறில் எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி மீந்தது மீந்ததுதான், போனது போனதுதான்.

நீங்கள் போடும் 19 ரூபாய் பேக், அடிப்படைத் திட்டத்தின் ஜிபி விலையை விட மூன்று மடங்கு. ஆறு தடவை என்றால் 114. வருடத்துக்கு 1482. நாலு சிம்முக்கும் சேர்த்து இப்போது நீங்கள் கட்டுவது: 349 மூன்று, 199 ஒன்று, ஆக 1246. அதை 13ஆல் பெருக்கினால் 16,198. கூடுதல் பேக்கையும் சேர்த்தால் 17,680.

யாருக்கும் பொருந்தும் ஒரு சின்ன அளவுகோல் சொல்கிறேன். 299க்கும் 349க்கும் வித்தியாசம் 50 ரூபாய். 28 நாளில் 19 ரூபாய் பேக்கை மூன்றாவது தடவை போடுகிற நாளில் நீங்கள் தப்பான திட்டத்தில் இருக்கிறீர்கள்.

---

ரீசார்ஜ்மேசை பதில்:

கோபுரம் அண்ணன் சொன்னது திட்டத்துக்குள்ள இருக்குற கணக்கு. திட்டத்துக்கு வெளியில ஒட்டிக்கிட்டு வர்ற செலவு தனி. ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஜிஎஸ்டி: ப்ரீபெய்டுல போட்டிருக்குற விலைக்குள்ளயே 18 சதவீதம் அடக்கம். போஸ்ட்பெய்டுலயும் வீட்டு இன்டர்நெட்லயும் அப்படி இல்ல. 449ன்னு எழுதியிருப்பாங்க, பில்லு 529.82 வரும். ப்ரீபெய்டையும் போஸ்ட்பெய்டையும் ஒப்பிடுறப்ப போஸ்ட்பெய்டு விலையை 1.18ஆல பெருக்காம பேச்சே எடுக்காதீங்க.

டாப்-அப்: 10 ரூபாய் போட்டா 7.47தான் இருப்பு ஏறும். வரி போனா 8.47, அதுல ஒரு ரூபாய் கட்டணம். 100 போட்டா 81.75. பத்து பத்தா போடுறவங்களுக்கு நூத்துக்கு ஏழு ரூபாய் கூடுதலாப் போகுது.

பணம் கட்டுற ஆப்: யுபிஐ ஆப்கள்ல ரீசார்ஜ் பண்ணா ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், மூணு ரூபாய்னு "பிளாட்பார்ம் கட்டணம்" சேரும். கடைசித் திரையில சின்ன எழுத்துல இருக்கும். கம்பெனி ஆப்லயே போய் யுபிஐ வழியா கட்டினா இது மிச்சம். நாலு சிம், 13 தடவைன்னா 52 ரீசார்ஜ், அதனால சின்ன விஷயம்னு தள்ளிடாதீங்க.

எஸ்எம்எஸ்: இதுல மாட்டுறவங்க ஜாஸ்தி. புதுப் போன்ல யுபிஐ ஆப் போட்டா, உங்க சிம்ல இருந்து தானா ஒரு எஸ்எம்எஸ் போகும். எஸ்எம்எஸ் இல்லாத பேக் போட்டு, மெயின் பேலன்ஸும் பூஜ்யமா இருந்தா அந்த எஸ்எம்எஸ் போகாது, "சரிபார்க்க முடியவில்லை"ன்னு சுத்திக்கிட்டே இருக்கும். பேங்க்ல கோளாறுன்னு நினைச்சு அலையக் கூடாது. அப்பா சிம்ல ஒரு 10 ரூபாய் டாப்-அப் எப்பவும் வச்சிருங்க.

கூடுதல் டேட்டா பேக்: அடிப்படைத் திட்டம் உயிரோட இருந்தாத்தான் வேலை செய்யும். "ஒரு நாள்"னு போட்டிருக்குற பேக் பெரும்பாலும் 24 மணி நேரம் கிடையாது, அன்னைக்கு நள்ளிரவோட முடியும். ராத்திரி பத்தரைக்குப் போட்டீங்கன்னா ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கீங்க. அதே மாதிரி ராத்திரி பதினொன்றரைக்கு டேட்டா தீர்ந்தா பேக் போடாதீங்க, அரை மணி நேரம் பொறுங்க.

கெடு வேற, பலன் வேற: பிஎஸ்என்எல்ல 397 ரூபாய்த் திட்டத்துக்கு 150 நாள் கெடு, ஆனா தினம் 2 ஜிபியும் இலவசக் காலும் முதல் 30 நாளுக்கு மட்டும்தான். நம்பரை உயிரோட வச்சிக்க நல்ல திட்டம். 150 நாளும் நெட் ஓடும்னு வாங்கினா ஏமாற்றம். எந்த கம்பெனியா இருந்தாலும் "வேலிடிட்டி" வரியையும் "பெனிஃபிட்" வரியையும் தனித்தனியாப் படிங்க.

ஓடிடி சேர்த்துக் கொடுக்குறது: பாதிக்கு மேல மொபைல் திரைக்கு மட்டும், டிவியில வராது. மூணு மாசம்னு போட்டிருந்தாலும், ஒவ்வொரு ரீசார்ஜும் முடிஞ்ச 48 மணி நேரத்துக்குள்ள அடுத்தது போட்டாத்தான் அடுத்த மாசம் தொடரும்னு நிபந்தனை இருக்கும். அந்த ஓடிடியைத் தனியா காசு கொடுத்து வாங்கியிருப்பீங்களான்னு உங்களையே கேளுங்க. மாட்டேன்னா அதோட மதிப்பு பூஜ்யம்னு வச்சுக் கணக்குப் போடுங்க.

---

கரிசல்பூமி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணா. 52 ரீசார்ஜ்னு எண்ணிப் பார்த்ததே இல்ல.

இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, தங்கச்சி போன்ல 5ஜின்னு காட்டுது, அன்லிமிடெட்னு போட்டிருக்கு, ஆனாலும் "உங்கள் தினசரி டேட்டா 90% முடிந்தது"ன்னு மெசேஜ் வருது. ஏன்? ரெண்டு, ஆபீஸ் வேலை பெருசா ஒண்ணும் இல்ல, மெயிலும் ரெண்டு மீட்டிங்கும்தான். 2 ஜிபி எங்க போகுதுன்னே தெரியல. மூணு, ஏர்ஃபைபர், அதாவது ஃபைபர் லைன் இல்லாம 5ஜி சிக்னல்லயே வீட்டுக்கு வர்ற இன்டர்நெட், போட்டா லாபமா?

---

நெல்லைஅலைவரிசை பதில்:

முதல் ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

5ஜி: அன்லிமிடெட் என்பது போன் 5ஜியில் இணைந்திருக்கும் நேரத்துக்கு மட்டும். 4ஜிக்கு இறங்கின நொடியில் இருந்து தினக்கணக்கு 2 ஜிபியில் கழியும். 5ஜிக்கு முக்கியமாக ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் காங்கிரீட் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். ஜியோவுக்கு 700 மெகாஹெர்ட்ஸும் இருப்பதால் சில இடங்களில் உள்ளே வரை வரும். ஹாஸ்டல் அறை, வகுப்பறை, பஸ் மாதிரி இடங்களில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறிக் குதிக்கும். மேலே இருக்கும் சின்னத்தை நாம் கவனிக்க மாட்டோம், படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: தங்கச்சி வழக்கமாக உட்காரும் இடத்தில் ஆப்பைத் திறந்து மீதி டேட்டாவைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் குறைந்தால் அந்த இடத்தில் 4ஜிதான் ஓடுகிறது. அங்கே பெரிய டவுன்லோட் வேண்டாம்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் டயலரில் *#*#4636#*#* அடித்து, நெட்வொர்க் வகையை "என்ஆர் ஒன்லி" என்று வைத்தால் 5ஜியிலேயே நிற்கும் என்று யூடியூபில் சொல்வார்கள். ஜியோ 5ஜி தனியாக நிற்கும் வகை, அதனால் அங்கே இது ஓடும். ஏர்டெல் மொபைல் 5ஜி பெரும்பாலும் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகை. அதில் இப்படி வைத்தால் சிக்னலே போய்விடும். ஜியோவிலும் போன் 5ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வசதி உள்ளதாக இல்லாவிட்டால் அழைப்பு வராது. டவுன்லோட் முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருந்து கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வரும்.

இன்னொன்று, அன்லிமிடெட்டுக்கும் எல்லை உண்டு. ஏர்டெல் நிபந்தனையில் 30 நாளுக்கு 300 ஜிபி தாண்டினால் வணிகப் பயன்பாடாகக் கருதப்படும் என்று இருக்கிறது. தனி ஆளுக்கு அது தாராளம். ஒரு வீட்டுக்கே ஹாட்ஸ்பாட் போட்டு டிவியும் ஓட்டினால் தொட்டுவிடலாம்.

ஹாட்ஸ்பாட்: உங்கள் 2 ஜிபி போகும் இடம் பெரும்பாலும் இதுதான். லேப்டாப்புக்கு உங்கள் போன் ஹாட்ஸ்பாட் வெறும் வைஃபையாகத் தெரியும். வைஃபை என்றால் அளவில்லாதது என்று நினைத்து விண்டோஸ் அப்டேட், கிளவுட் ஒத்திசைவு, வைரஸ் தடுப்பு அப்டேட், உலாவி அப்டேட் எல்லாவற்றையும் பின்னணியில் இறக்கும். நீங்கள் ஒரு மெயில் திறப்பதற்குள் 600 எம்பி காணாமல் போகும்.

விண்டோஸ் 11இல்: செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரின் ப்ராப்பர்ட்டீஸ் போய் "மீட்டர்டு கனெக்ஷன்" (அளவுள்ள இணைப்பு) ஆன் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் இந்த அமைப்பும் போய்விடும், மறுபடி வைக்க வேண்டும். அடுத்து விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் "டெலிவரி ஆப்டிமைசேஷன்" இருக்கும். அதில் மற்ற கணினிகளுடன் பகிர்வதை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் டேட்டாவில் ஊரான் கணினிக்கும் அப்டேட் போகலாம். அதே திரையில் டவுன்லோட் வரம்பும் வைக்கலாம்.

வேறு ஆண்ட்ராய்டு போனை உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலும் அதே பிரச்சினை வரலாம். ப்ளே ஸ்டோரில் "வைஃபையில் மட்டும் அப்டேட்" என்று வைத்திருப்பது இங்கே எப்போதும் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அந்தப் போனில் வைஃபை பெயரை அழுத்தி, "ட்ரீட் அஸ் மீட்டர்டு" என்று மாற்றுங்கள்.

மீட்டிங்: வீடியோ மீட்டிங்குக்கு மணிக்கு முக்கால் ஜிபியில் இருந்து ஒன்றரை ஜிபி வரை போகும். உங்கள் கேமராவை அணைத்தால் மேலே போகும் டேட்டா மிச்சம். மற்றவர்களின் வீடியோ கீழே வருவதை நிறுத்த "இன்கமிங் வீடியோ"வை அணைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பலர் தங்கள் கேமராவை மட்டும் அணைத்துவிட்டு டேட்டா குறையவில்லை என்கிறார்கள்.

டேட்டா தீர்ந்த பிறகு "வேகம் 64 கேபிபிஎஸ் ஆகும், ஆனால் அன்லிமிடெட்" என்பதன் அர்த்தம்: ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடம் ஐந்து நொடி. 3 எம்பி போட்டோவுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும். கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் பாதி நேரம் நடுவில் நிற்கும். அப்பா மாதிரி யுபிஐ நம்பி இருப்பவருக்கு இது பெரிய தொல்லை.

---

கோபுரம்700:

ஏர்ஃபைபர் கணக்கு. ஜியோ இதை 2023 செப்டம்பர் 19இல் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. அடிப்படைத் திட்டம் 599, 30 எம்பிபிஎஸ், மாதம் 1000 ஜிபி. வரியோடு 706.82. வருடத்துக்கு 8481.84. பொருத்தும் கட்டணம் 1000. ஒரு வருடத் திட்டமாக எடுத்தால் அது தள்ளுபடி. மாதாமாதம் கட்டலாம் என்று நினைத்தால் முதல் வருடச் செலவில் அந்த ஆயிரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இரண்டு பாதை போட்டுப் பார்க்கிறேன்.

ஏர்ஃபைபர் இல்லாமல்: உங்களுக்கு 3599 ஆண்டுத் திட்டம், தினம் 2.5 ஜிபி. தங்கச்சிக்கு 859, 84 நாள், வருடத்துக்குச் சுமார் 3733. அப்பாவுக்கு ஏர்டெல் 1999, வருடத்துக்கு மொத்தமாக 24 ஜிபி. அம்மாவுக்கு ஏர்டெல் 1849, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும், 365 நாள். கூட்டினால் 11,180. இப்போதைய 17,680இல் இருந்து ஆறாயிரத்து ஐநூறு மிச்சம். ஹாட்ஸ்பாட் ஒழுக்கை அடைத்த பிறகு 2.5 ஜிபி போதுகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். மாதம் நாலைந்து தடவை கூடுதல் பேக் போட்டாலும் இதுதான் மலிவு.

ஏர்ஃபைபரோடு: 8482, உங்களுக்கும் அப்பாவுக்கும் 1999 ஒவ்வொன்று, தங்கச்சிக்கு 3733, அம்மாவுக்கு 1849. ஆக 18,062. இப்போது கட்டுவதை விட சுமார் 380 ரூபாய்தான் அதிகம், ஆனால் வீட்டுக்கு மாதம் 1000 ஜிபி. வேலை இணையத்தை நம்பி இருப்பதால் என் மனசு இந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு நிபந்தனை: உங்கள் மொட்டை மாடியில் 5ஜி நன்றாக வருகிறதா என்று தங்கச்சியின் போனை எடுத்துப் போய் காலை, மாலை, ராத்திரி ஒன்பது மணி மூன்று வேளையும் வேகம் பாருங்கள். பகலில் நன்றாக ஓடி ராத்திரி படுத்துவிடும் கோபுரங்கள் உண்டு. மாடிக் கருவிக்கும் கீழே ரவுட்டருக்கும் இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும், இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

அம்மாவின் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டம் தனியாக இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி போட்டது. சிறப்புக் கட்டண வவுச்சர்கள் எனப்படும் இந்த மாதிரிப் பேக்குகளின் கெடுவை 90 நாளில் இருந்து 365 நாளாக உயர்த்தியதும் அப்போதுதான். நல்ல விதி. ஆனால் 1849க்கும் 1999க்கும் வித்தியாசம் 150தான், அதற்கு 24 ஜிபி வருகிறது. பட்டன் போனுக்கு 1849 சரி. கையில் ஸ்மார்ட்போன் உள்ள யாருக்கும் 150 ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஜியோவில் 1748 ரூபாய்ப் பேச்சுத் திட்டம் இருக்கிறது, பார்க்க இன்னும் மலிவு. அது 336 நாள். நாளுக்கு 5.20. ஏர்டெல்லின் 1849 நாளுக்கு 5.07. மேலும் ஜியோவில் 2ஜியே கிடையாது. அம்மாவின் பட்டன் போன் 4ஜி வகையாக இல்லாவிட்டால் அந்த சிம் அதில் எடுக்காது.

---

தாமிரபரணி_சிம்:

அப்பா சிம்ல 10 ரூபாய் டாப்-அப் வச்சிருங்கன்னு மேல சொன்னதுல ஒரு ஆபத்து இருக்கு. 24 ஜிபி மாதிரி மொத்தக் கணக்குத் திட்டங்கள் சிலதுல டேட்டா தீர்ந்ததும் வேகம் குறையாது, எம்பிக்கு 50 பைசா கழியும். ஒரு ஜிபி 512 ரூபாய்! இருப்பு 7.47தான்னா பதினஞ்சு எம்பியில காலி. யாராவது பெருசா டாப்-அப் போட்டு வச்சிருந்தா அத்தனையும் போகும்.

அதனால போன்லயே பூட்டு போடுங்க. செட்டிங்ஸ்ல டேட்டா யூசேஜ் போய், டேட்டா வார்னிங் 1.5 ஜிபி, டேட்டா லிமிட் 1.9 ஜிபின்னு மாசத்துக்கு வைங்க. தொட்டதும் போன் தானா மொபைல் டேட்டாவை நிறுத்திடும். வாட்ஸ்அப்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள்ள, மொபைல் டேட்டாவுக்கான ஆட்டோ டவுன்லோட்ல நாலு டிக்கையும் எடுத்துடுங்க. குட் மார்னிங் வீடியோவுலதான் இந்த 24 ஜிபி கரையும். யுபிஐக்கு ஆகுறது சொற்பம்.

---

ரீசார்ஜ்மேசை:

சரியான திருத்தம், தாமிரபரணி. அந்த லிமிட்டோட சேர்த்து வச்சாத்தான் 10 ரூபாய் பாதுகாப்பு.

---

கரிசல்பூமி:

மாடியில சாயங்காலம் பார்த்தேன், 5ஜி நல்லாவே வருது. ராத்திரியும் பார்த்துட்டு முடிவெடுக்குறேன். அப்பா நம்பர் இப்ப வேற கம்பெனி. 1999 போடணும்னா போர்ட் பண்ணணும், அதாவது அதே நம்பரோட ஏர்டெல்லுக்கு மாறணும். கடை நம்பர், பேங்க் எல்லாத்துக்கும் அதுதான். எதைக் கவனிக்கணும்?

---

தாமிரபரணி_சிம்:

முதல்ல தேதி. இப்ப ஓடுற திட்டத்துல மீதி இருக்குற நாளும் டேட்டாவும் மெயின் பேலன்ஸும் புது கம்பெனிக்கு வராது, அப்படியே போயிடும். அதனால திட்டம் முடிய அஞ்சாறு நாள் இருக்குறப்ப ஆரம்பிங்க. ரொம்பக் கடைசிக்கும் விடாதீங்க, முடிஞ்சுட்டா அழைப்பு நின்னுடும், நடுவுல மாட்டிக்குவீங்க.

1900க்கு அந்த சிம்ல இருந்தே எஸ்எம்எஸ். போர்ட்னு ஆங்கிலத்துல அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க நம்பர். பேக்ல எஸ்எம்எஸ் இருக்கோ இல்லையோ இந்த மெசேஜை அனுமதிக்கணும்னு 2021 டிசம்பர்லயே ட்ராய் உத்தரவு இருக்கு. போகலன்னா 198க்குப் புகார் போட்டு, எஸ்எம்எஸ்ல வர்ற புகார் எண்ணை அழிக்காம வைங்க. அது கைல இருந்தாத்தான், சரி பண்ணித் தராதப்ப அதே கம்பெனியோட மேல்முறையீட்டுக்குப் போக முடியும்.

1900ல இருந்து பதிலா வர்ற போர்ட் குறியீட்டுக்கு நாலு நாள் ஆயுள். அதுக்குள்ள புது சிம் கடையில கொடுத்துடணும். தமிழ்நாட்டுக்குள்ளயே மாறுறதுன்னா மூணு வேலை நாள். ஞாயிறும் விடுமுறையும் கணக்குல வராது, அதனால திங்கக்கிழமை கொடுக்குறது நல்லது.

அந்தக் குறியீடு கிடைக்காம போற காரணங்கள்: அந்த நம்பர் இந்தக் கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகாதது, போஸ்ட்பெய்டு பாக்கி, கடைசி ஏழு நாளுக்குள்ள சிம் மாத்தினது. ஏழு நாள் விதி 2024 ஜூலை 1ல இருந்து. அப்பா சிம் பழசாயிடுச்சுன்னு இப்பத்தான் மாத்தியிருந்தா ஒரு வாரம் பொறுங்க.

சிம் மாத்தினாலும் இ-சிம்முக்குப் போனாலும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கிற பாதுகாப்பு ஏற்பாடு இருக்கு. ஓடிபி வராது. போர்ட் முடியுற நாளும் அப்படித்தான்னு வச்சுக்கிட்டு, கடைச் சரக்குக்குப் பேங்க் வழியா பணம் அனுப்புற வேலையை முந்தின நாளே முடிச்சிடுங்க. புது சிம் உயிர் பெத்ததும் யுபிஐ ஆப் மறுபடி பதிவு கேட்கும், அதுக்குத்தான் அந்த 10 ரூபாய். 1999ஐயும் 10ஐயும் ஒண்ணாப் போட்டுட்டு, எஸ்எம்எஸ் திரும்ப வர ஆரம்பிச்ச பிறகு பதிவு பண்ணுங்க. முதல்லயே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணா ஒவ்வொரு தடவையும் எஸ்எம்எஸ் காசு கழியும், பல தடவை தப்பானா ஆப் கொஞ்ச நேரம் பூட்டிக்கும்.

ஒரு சிம் மாத்தி, ஒரு வாரம் சரியா ஓடின பிறகு அடுத்த சிம்மைத் தொடுங்க. முதல்ல தங்கச்சியோட 859. அதுக்கு போர்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா ஓடுற 349 முடியுறதுக்கு முன்னாடியே போடுறதா இருந்தா, புதுத் திட்டம் வரிசையில நிக்குமா, இல்ல உடனே ஆரம்பிச்சு பழசை அழிச்சிடுமான்னு ஆப்ல அந்தத் திட்டத்தோட விவரத்தைத் திறந்து படிச்சிட்டு அழுத்துங்க.

---

கரிசல்பூமி:

சரிங்கண்ணா. தங்கச்சிக்கு வர்ற 14ஆம் தேதி முடியுது, அன்னைக்குக் காலையில போடுறேன். ராத்திரி ஒன்பது மணி வேகம் பார்த்துட்டு இங்கயே எண்ணை எழுதுறேன்.